ரோபோ ஆபரேஷனுக்காக நிலத்தை விற்கலாமா?

ராணிப்பேட்டை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரும் பெயரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் சாரம் இது.

அவருடைய அப்பாவுக்கு 66 வயது. தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரவில் நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்துகொண்டே இருந்ததால் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். புராஸ்டேட் சுரக்கும் புரதத்தை ரத்தத்தில் அளக்கும் பி.எஸ்.ஏ. சோதனையில் 11.4 வந்திருக்கிறது. எம்.ஆர்.ஐ.யில், சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் அந்தப் புராஸ்டேட் சுரப்பியின் வலப்பக்கம் ஒரு கட்டி தெரிகிறது. சுரப்பியின் உறையைத் தாண்டவில்லை. பயாப்சியில் எடுத்த 12 துண்டுகளில் நான்கில் புற்றுநோய். அது எவ்வளவு வீரியமானது என்று சொல்லும் கிளீசன் எண் 3+4. எலும்பு ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது. அப்பாவுக்கு ஒன்பது வருடமாகச் சர்க்கரை. நான்கு வருடத்துக்கு முன் இதயத்தில் ஒரு ஸ்டென்ட் வைத்து, இன்றுவரை ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும் சாப்பிடுகிறார். அதற்கும் முன்பு வலப்பக்கக் குடலிறக்கத்துக்கு லேப்ராஸ்கோப் முறையில், அதாவது சிறு துளைகள் வழியாக, வலை வைத்திருக்கிறார்கள்.

ஒரு தனியார் மருத்துவமனையில் "ரோபோவில் செய்துவிடலாம், இந்த மாதமே வாருங்கள்" என்றிருக்கிறார்கள். அரசு மருத்துவமனை மருத்துவர் "ஓப்பன் ஆபரேஷனே போதும்" என்றிருக்கிறார். பெங்களூருவில் வேலை பார்க்கும் அண்ணன், "ரோபோ என்றால் தவறே நடக்காது, மறுநாளே வீட்டுக்கு வந்துவிடலாம்" என்கிறார். பெரியப்பா, "கத்தி பட்டால் பரவிவிடும், சும்மா விடுங்கள்" என்கிறார். அம்மாவுக்கோ, நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று பயம். வாலாஜா பக்கத்தில் இருக்கும் 30 சென்ட் நிலத்துக்கு ஆள் வந்துவிட்டது, அட்வான்ஸ் வாங்கலாமா என்று கேட்கிறார் வாசகி. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: "அப்பாவிடம் கேன்சர் என்று சொல்லவில்லை, சின்னக் கட்டி என்றுதான் சொல்லியிருக்கிறோம்."

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அட்வான்ஸ் வாங்காதீர்கள். இந்த வாரமே முடிவெடுத்தாக வேண்டிய நோய் இல்லை இது.

கிளீசன் 3+4, பி.எஸ்.ஏ. 10-க்குச் சற்று மேல், உறைக்குள்ளேயே நிற்கும் கட்டி. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் அப்பாவுக்கு இருப்பது நடுத்தர ஆபத்துள்ள புராஸ்டேட் புற்றுநோய். சிகிச்சை வேண்டும். ஆனால் இது மாதக்கணக்கில் மெல்ல நகரும் நோய். பயாப்சி முடிந்தவுடன் ஆபரேஷன் செய்வதும் வழக்கமில்லை. ஊசி குத்திய இடங்களில் ரத்தக்கசிவும் வீக்கமும் இருக்கும், சுற்றியுள்ள திசுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அவை தணிவதற்கு ஆறிலிருந்து எட்டு வாரம் விடுவார்கள். இரண்டாவது மருத்துவரிடம் கருத்துக் கேட்க அந்த இடைவெளி தாராளமாகப் போதும்.

பிரிட்டனில் 1,643 ஆண்களை வைத்து நடந்த புரோடெக்ட் ஆய்வின் 15 ஆண்டு முடிவுகள் 2023-ல் வெளிவந்தன. சுரப்பிக்குள்ளேயே நின்ற புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர்கள், கதிர்வீச்சு பெற்றவர்கள், கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்கள் என்று மூன்று பிரிவு. இந்த நோயால் இறந்தவர்கள் எந்தப் பிரிவிலும் ஏறக்குறைய 3 சதவீதம்தான். கண்காணிப்பில் இருந்தவர்களில் நோய் வேறு இடத்துக்குப் பரவியது ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பதும் அதே ஆய்வில் உண்டு. அந்த ஆய்வில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் உங்கள் அப்பாவைவிடக் குறைந்த ஆபத்தில் இருந்தவர்கள். அதனால் "சும்மா விடுங்கள்" என்ற பெரியப்பாவின் யோசனையை நான் ஏற்கவில்லை. பதற வேண்டியதில்லை, யோசிக்க நேரம் இருக்கிறது என்பதற்காகத்தான் இந்த ஆய்வைச் சொல்கிறேன்.

கத்தி பட்டால் பரவும் என்பது உண்மையில்லை. ஏற்கெனவே பரவிய நிலையில் கண்டுபிடித்து, அதன்பிறகு ஆபரேஷன் செய்து, சில மாதத்தில் இறந்தவர்களைப் பார்த்துப் பார்த்து உருவான நம்பிக்கை அது. நோய் உறைக்குள் இருக்கும்போது முழுச் சுரப்பியையும் எடுப்பதுதான் அறுவையின் நோக்கம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரவில் எழுந்துகொண்டே இருப்பதற்குப் பெரும்பாலும் இந்தப் புற்றுநோய் காரணமாக இருக்காது. வயதானால் வரும் புராஸ்டேட் வீக்கமும், கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும்தான் வழக்கமான காரணங்கள். ஆரம்ப நிலைப் புற்றுநோய் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தராது.

கதிர்வீச்சைப் பற்றி யாராவது பேசினார்களா?

உங்கள் கடிதம் முழுக்க ரோபோவா ஓப்பனா என்ற கேள்விதான் இருக்கிறது. கதிர்வீச்சு என்ற சொல்லே இல்லை. இந்த நிலையில் நோயைக் குணப்படுத்துவதில் கதிர்வீச்சும் அறுவைக்கு இணையான வழி. வழக்கமாக நான்கு வாரத்தில் 20 அமர்வுகள், கூடவே ஆறு மாதத்துக்கு ஹார்மோன் ஊசி. மயக்க மருந்து இல்லை, ரத்த இழப்பு இல்லை. ஸ்டென்ட் வைத்த ஒருவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. சிரமங்களும் உண்டு. சிறுநீர் எரிச்சல், மலத்தில் ரத்தம் ஆகியவை சில பேருக்கு வருடங்கள் கழித்தும் வரும். ஹார்மோன் ஊசியால் உடல் சோர்வு வரும், சர்க்கரை கொஞ்சம் ஏறலாம். இருந்தாலும், ஒரு கதிர்வீச்சு நிபுணரையும் பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும். வேலூரில் சி.எம்.சி.யிலேயே இரண்டு துறைகளும் இருக்கின்றன. ஒரே சீட்டில் இரண்டு பேரையும் பார்க்கக் கேளுங்கள்.

ரோபோ என்னதான் செய்கிறது?

ரோபோ தானாக எதையும் வெட்டாது, தானாக முடிவும் எடுக்காது. அறுவை மருத்துவர் அதே அறையில், நோயாளியிடமிருந்து சில அடி தள்ளி, கன்சோல் என்ற மேசைக்குள் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருப்பார். அவருடைய இரண்டு கை விரல்களும் பிடிகளில் இருக்கும், கால்கள் பெடல்களில் இருக்கும். அவர் விரலை அசைத்தால்தான் உள்ளே கருவி அசையும். நோயாளியின் பக்கத்தில் இன்னொரு மருத்துவர் நின்று உறிஞ்சுகுழாயையும் கிளிப்புகளையும் பார்த்துக்கொள்வார்.

பெரும்பாலான இடங்களில் இருக்கும் டா வின்சி கருவிக்கு நான்கு கைகள். ஒன்றில் கேமரா, மூன்றில் கருவிகள். வயிற்றில் 8 மில்லிமீட்டர் அளவில் நான்கு துளைகள், உதவியாளருக்கு ஒன்றோ இரண்டோ துளைகள். வயிற்றைக் கரியமில வாயுவால் உப்பச் செய்து, தலை கீழாகவும் கால் மேலாகவும் 25 டிகிரிக்கு மேல் மேசையைச் சாய்ப்பார்கள். குடல் மேலே சரிந்து அடிவயிற்றில் இடம் கிடைப்பதற்காக. வெட்டியெடுத்த சுரப்பியை ஒரு பைக்குள் போட்டு, ஒரு துளையை மூன்று நான்கு சென்டிமீட்டர் பெரிதாக்கி வெளியே எடுப்பார்கள்.

இந்தக் கருவி புராஸ்டேட்டுக்கு ஏன் இவ்வளவு பொருந்திப் போனது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. புராஸ்டேட் இருப்பது இடுப்பெலும்பின் அடியில், ஒரு குறுகலான குழியில். சுரப்பியை எடுத்த பிறகு, மேலே சிறுநீர்ப்பையின் வாய்க்கும் கீழே பென்சில் பருமன் உள்ள சிறுநீர்க்குழாய்க்கும் நடுவில் ஓர் இடைவெளி விழும். இரண்டையும் இழுத்து, சுற்றிலும் தைத்து, நீர் கசியாமல் இணைக்க வேண்டும். பித்தளைக் குடத்தின் கழுத்துக்குள் கையை விட்டு அடியில் தையல் போடுவது மாதிரியான வேலை. ஓப்பன் ஆபரேஷனில் அந்த ஆழத்தில் கண்ணுக்குப் பாதி தெரியும், பாதி விரலுக்குத்தான் தெரியும். சாதாரண லேப்ராஸ்கோப்பில் பார்வை நன்றாக இருக்கும், ஆனால் கருவி நேர்க்குச்சி, மணிக்கட்டு கிடையாது. ரோபோவில் பத்து மடங்கு பெரிதாக, ஆழம் தெரியும் முப்பரிமாணப் படம் கிடைக்கும். கருவியின் நுனி மணிக்கட்டைப் போல எல்லாத் திசையிலும் மடங்கும். கை நடுக்கத்தைக் கருவி வடிகட்டிவிடும். குழாயின் விளிம்பில் ஊசியை எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் திருப்பி எடுக்கலாம்.

2000-ல் அமெரிக்காவில் டா வின்சிக்கு அனுமதி கிடைத்த பிறகு, புராஸ்டேட் அறுவையை இந்தக் கருவிக்கு ஏற்றபடி டெட்ராய்ட்டில் வகுத்தவர் டாக்டர் மணி மேனன். நம் பக்கத்து ஊர் புதுச்சேரி ஜிப்மரில் படித்தவர்.

குறை என்று பார்த்தால், பழைய தலைமுறைக் கருவிகளில் தொடு உணர்வு இல்லை. நூலை எவ்வளவு இறுக்குகிறோம் என்பது கைக்குத் தெரியாது, கண்ணால்தான் கணிக்க வேண்டும். பழகாத கையில் நூல் அறும், திசு கிழியும். கருவியைவிட அதை இயக்கும் கை முக்கியம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

நோயாளிக்குக் கிடைக்கும் நன்மை, கிடைக்காத நன்மை

நன்மைகள் உண்மையானவை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஓப்பன் முறையையும் ரோபோவையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு, 2016-ல் முடிவு வெளியிட்டார்கள். ஓப்பனில் சராசரி ரத்த இழப்பு 1,300 மில்லிலிட்டருக்கு மேல். ரோபோவில் 450 மில்லிலிட்டருக்கும் குறைவு. வயிற்றுக்குள் வாயு அழுத்தம் இருப்பதால் சிறு சிரைகள் அமுங்கிவிடுகின்றன, அதனால் கசிவு குறைகிறது. மருத்துவமனையில் தங்கும் நாளும் ரோபோவில் பாதியாகக் குறைந்தது. முதல் வாரத்தில் வலி குறைவு. காயத்தில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு குறைவு, சர்க்கரை உள்ளவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஸ்டென்ட் வைத்த உங்கள் அப்பாவுக்கு ரத்த இழப்பு குறைவது இதயத்துக்கும் நல்லது.

கிடைக்காதவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். அதே பிரிஸ்பேன் ஆய்வில் சிறுநீர்க் கட்டுப்பாடும் தாம்பத்தியமும் 12 வாரத்தில் ஒன்றுபோலவே இருந்தன, இரண்டு வருடம் கழித்தும் ஒன்றுபோலவே இருந்தன. அங்கே ஓப்பன் செய்தவர் நெடுநாள் அனுபவசாலி என்பதையும் கவனியுங்கள். "ரோபோவில் செய்தால் சிறுநீர் கசியாது" என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். புற்றுநோயைக் குணப்படுத்துவதிலும் ரோபோ ஓப்பனைவிட மேலானது என்று நிரூபணமாகவில்லை.

புதியது என்பதாலேயே எல்லாவற்றுக்கும் நல்லது என்றும் எண்ண வேண்டாம். ஆரம்ப நிலைக் கருப்பைவாய்ப் புற்றுநோயில் 2018-ல் வந்த ஒரு பெரிய ஆய்வில், லேப்ராஸ்கோப்பிலும் ரோபோவிலும் செய்துகொண்ட பெண்களைவிட ஓப்பன் செய்துகொண்டவர்களே அதிகம் பிழைத்தார்கள். அதன்பிறகு உலகெங்கும் அந்த நோய்க்கு மருத்துவர்கள் ஓப்பனுக்குத் திரும்பினார்கள். ஒவ்வொரு நோய்க்கும் தனிக் கணக்கு. புராஸ்டேட்டின் கணக்கில் ரோபோ மோசமில்லை, ஆறுதலான பக்கத்தில்தான் இருக்கிறது.

துளை சின்னது என்பதால் ஆபரேஷன் சின்னது என்று அண்ணன் நினைக்கிறார். வெளியே மட்டும்தான் அது சின்னது. உள்ளே எடுப்பதும் தைப்பதும் ஓப்பனில் செய்யும் அதே வேலைதான், முழு மயக்கத்தில் மூன்று மணி நேரம் போல ஆகும். மறுநாள் நடக்க வைப்பார்கள், ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பவும் செய்வார்கள். ஆனால் சிறுநீர் டியூபோடுதான் அனுப்புவார்கள்.

அம்மாவின் கேள்விக்கு: ஆபரேஷன் தியேட்டருக்கு ஜெனரேட்டரும் யு.பி.எஸ்.ஸும் இருக்கும், கருவிக்குள்ளும் பேட்டரி இருக்கிறது. கருவியே பழுதானாலும் கைகளைக் கையால் விடுவித்து வெளியே எடுத்துவிட்டு, லேப்ராஸ்கோப்பிலோ ஓப்பனிலோ முடிப்பார்கள். அது அரிது. ரத்தக்கசிவாலோ ஒட்டுதலாலோ ஓப்பனுக்கு மாற வேண்டி வருவதும் உண்டு. ஒப்புதல் படிவத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். மாறினால் அது தோல்வி இல்லை. நேரத்துக்கு மாறுவதுதான் நல்ல மருத்துவரின் அடையாளம்.

உங்கள் அப்பாவுக்கென்று உள்ள சிக்கல்கள்

வலை வைத்த குடலிறக்க ஆபரேஷனை யாரிடமும் சொல்ல மறந்துவிடாதீர்கள். லேப்ராஸ்கோப்பில் வைத்த வலை வயிற்றுச் சுவரின் உட்புறம், சரியாகப் புராஸ்டேட்டுக்குப் போகும் வழியில் கிடக்கும். சிறுநீர்ப்பையை அதிலிருந்து பிரித்தெடுப்பது பொறுமையான வேலை. நிணநீர்க் கணுக்களை எடுக்க முடியாமலும் போகலாம். முடியாத காரியம் இல்லை, ஆனால் முதல் இருபது கேஸ் செய்துகொண்டிருக்கும் மருத்துவருக்கு உரிய ஆபரேஷன் இல்லை. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். என்ன வலை, எந்த முறை என்று அதில் இருக்கும்.

ஸ்டென்ட் வைத்து நான்கு வருடம் ஆன பிறகும் இரண்டு ரத்த மாத்திரையும் வேண்டுமா என்று இதய மருத்துவரிடம் கேளுங்கள். வழக்கமாக ஆபரேஷனுக்கு ஐந்து நாளிலிருந்து ஒரு வாரத்துக்கு முன் குளோபிடோக்ரெலை நிறுத்துவார்கள், ஆஸ்பிரினைத் தொடரச் சொல்வதும் உண்டு. இதயத்துக்கு எக்கோ என்ற ஸ்கேனும் எடுப்பார்கள். இதில் எதையும் நீங்களாகச் செய்யாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டுக்கொண்டு மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் ஆபத்து நிஜமானது.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (எச்.பி.ஏ.1சி) 8 சதவீதத்துக்குக் கீழ் வந்தால் நல்லது. தலைகீழாகச் சாய்த்துப் பல மணி நேரம் வைப்பதால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். அப்பாவுக்குக் கண் அழுத்த நோய் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். தோல் தொழிற்சாலையில் இருந்தவர், பீடி சிகரெட் பழக்கம் இருந்தால் நுரையீரல் பரிசோதனையும் வேண்டும். உள்ளே ஏற்றும் கரியமில வாயுவை வெளியேற்றுவது நுரையீரல்தான்.

செலவும் காப்பீடும்

ரோபோவுக்குக் கூடுதலாக ஏன் வாங்குகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கருவியின் விலை கோடிக்கணக்கில், வருடப் பராமரிப்பு தனி. கைகளில் மாட்டும் கருவிகளுக்குள் ஒரு சிப் இருக்கும். குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆபரேஷன்கள் முடிந்ததும் கருவி நன்றாக இருந்தாலும் வேலை செய்யாது, புதிதாக வாங்க வேண்டும். அந்தச் செலவுதான் உங்கள் பில்லில் வருகிறது.

அண்ணனின் கம்பெனிக் காப்பீட்டில் அப்பா பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் போட்ட விதிப்படி, ரோபோ அறுவை என்ற ஒரே காரணத்துக்காகப் பணம் தர மாட்டோம் என்று கம்பெனிகள் சொல்ல முடியாது. ஆனால் அதற்கு உச்சவரம்பு வைக்கலாம். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 5 லட்சம் பாலிசி என்று நம்பிப் போவார்கள், ரோபோவுக்கு அதில் ஒரு பகுதிதான் என்று டிஸ்சார்ஜ் அன்று தெரியும். "நவீன சிகிச்சை முறைகள்" என்ற தலைப்பில் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று அண்ணனைப் படிக்கச் சொல்லுங்கள்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை கிடைக்கும், ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. அந்த அட்டையில் ரோபோவுக்கான கூடுதல் கட்டணம் அடங்குமா என்று சேரும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் எழுதி வாங்குங்கள். சென்னை ஓமந்தூரார் தோட்டத்தில் உள்ள அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில் 2022 முதல் ரோபோ அறுவை நடக்கிறது. வாலாஜா ரோட்டில் ரயில் ஏறினால் காலையில் போய் மாலையில் திரும்பும் தூரம். அங்கே ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு நிலத்தை விற்றால்தான் ரோபோ என்ற நிலை வந்தால், விற்காதீர்கள். அனுபவமுள்ள ஒருவர் அரசு மருத்துவமனையில் ஓப்பனாகச் செய்யத் தயாராக இருந்தால், உங்கள் அப்பாவின் ஆயுள் அதனால் குறையப் போவதில்லை. காப்பீடு தாங்கும், அனுபவமுள்ள கை இருக்கிறது என்றால் ரோபோவுக்கே போங்கள். முதல் மாதம் சுலபமாகக் கழியும்.

எந்த மருத்துவரிடம் போனாலும் தயங்காமல் கேளுங்கள்: இந்த ஆபரேஷனை நீங்கள் இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள்? கன்சோலில் முழு நேரமும் நீங்களே உட்காருவீர்களா? உங்களிடம் செய்துகொண்டவர்களில் ஒரு வருடம் கழித்து, சிறுநீர்க் கசிவுக்கு வைக்கும் பேட் இல்லாமல் இருப்பவர்கள் எத்தனை பேர்? வலை வைத்த வயிற்றில் செய்திருக்கிறீர்களா? நூற்றுக்கு மேல் செய்தவர் என்றால் எனக்கு நிம்மதி. இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படுபவரிடம் அப்பாவை ஒப்படைக்க வேண்டாம்.

அப்பாவிடம் சொல்லுங்கள்

இந்தக் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அந்தக் கடைசி வரிதான். பாசத்தால்தான் மறைக்கிறீர்கள், அது புரிகிறது. ஆனால் சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த ஒருவருக்கு ஆபரேஷன் செய்ய அவருடைய ஒப்புதல் வேண்டும். மகளும் மகனும் போடும் கையெழுத்து அதற்கு ஈடாகாது. என்ன நோய், என்ன செய்யப் போகிறார்கள், மாற்று வழி என்ன, ஆபத்து என்ன என்று சொல்லிப் பெறுவதுதான் செல்லுபடியாகும் ஒப்புதல் என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் சமீரா கோலி வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சட்டத்தை விடுங்கள். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சில மாதம் சிறுநீர் கசியும். "சின்னக் கட்டி" என்று நம்பிப் போனவர் பேட் வைத்துக்கொண்டு திரும்பினால், உங்களை எப்படி நம்புவார்? தாம்பத்தியத்தைப் பற்றி எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்க வேண்டியதே இல்லை. மருத்துவரிடம் அப்பாவைத் தனியாகப் பத்து நிமிடம் பேசவிட்டு வெளியே வந்துவிடுங்கள். சுரப்பியின் இரண்டு பக்கமும் ஒட்டிப் போகும் மெல்லிய நரம்புகளைக் காப்பாற்ற முடியுமா என்பது கட்டி இருக்கும் பக்கத்தைப் பொறுத்தது. காப்பாற்றினாலும் விறைப்பு திரும்ப ஒன்றரை, இரண்டு வருடம் ஆகலாம். ஒன்பது வருடச் சர்க்கரையால் ஏற்கெனவே குறைந்திருக்கலாம். விந்து வெளிவராது. இவற்றை எடைபோட்டு ஆபரேஷனா கதிர்வீச்சா என்று தீர்மானிக்க வேண்டியவர் அவர். அம்மாவும் கூட இருந்தால் நல்லது.

சொல்லும்போது பாதி மட்டும் சொல்லாதீர்கள். "கேன்சர்தான், ஆனால் சுரப்பிக்குள்ளேயே இருக்கிறது, குணமாக்க முடியும், இரண்டு வழி இருக்கிறது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

ஆபரேஷன் என்று முடிவானால்

இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை மூன்று நான்கு வாரம் முன்பே தொடங்கச் சொல்லுங்கள். சிறுநீரைப் பாதியில் அடக்கும்போது சுருங்கும் தசைதான் அது. ஐந்து முதல் பத்து விநாடி சுருக்கித் தளர்த்த வேண்டும். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. டியூப் இருக்கும்போது செய்யக்கூடாது, எடுத்த அன்றே மறுபடி தொடங்கலாம்.

டியூப் ஏழிலிருந்து பத்து நாள், சில சமயம் இரண்டு வாரம் இருக்கும். உள்ளே போட்ட தையல் ஆறும்வரை அதுதான் தாங்கு. அதனால் மிக முக்கியமான எச்சரிக்கை இது: டியூப் அடைத்தாலோ கழன்றாலோ, ஊரில் கிளினிக்கிலோ வீட்டுக்கு வரும் சிஸ்டரிடமோ புது டியூப் போட்டுக்கொள்ளாதீர்கள். கண்மூடித்தனமாகப் போட்டால் தையல் கிழிந்து, வாழ்நாள் முழுக்கக் கசிவு வரக்கூடும். "புராஸ்டேட் எடுத்த நோயாளி" என்று சொல்லி ஆபரேஷன் செய்த இடத்துக்கே, இரவானாலும் போங்கள். இரண்டு மணி நேரம் பையில் சிறுநீர் இறங்காமல் அடிவயிறு வலித்தால் உடனே கிளம்ப வேண்டும். காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்குவது, திடீர் மூச்சுத்திணறல், இவற்றுக்கும் அப்படியே.

நம் ஊர் வெயிலில், அதுவும் கத்திரி சமயத்தில், குறைந்தது இரண்டரை லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். இதய மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதன்படி. சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழேயே இருக்கட்டும். மலச்சிக்கல் வராமல் கீரையும் பழமும் கொடுங்கள், முக்கக்கூடாது. ஆறு வாரம் தண்ணீர்க் குடம், சிலிண்டர் தூக்கவோ பைக்கில் போகவோ வேண்டாம்.

டியூப் எடுத்த பிறகு இருமினால், எழுந்தால் கசியும். பெரும்பாலோருக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் குறைந்து, ஒரு வருடத்துக்குள் பேட் தேவையில்லாமல் போகும். சிலருக்குக் கொஞ்சம் நிரந்தரமாக நிற்கும். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முதல் பி.எஸ்.ஏ.; 0.1-க்கும் கீழே இருக்க வேண்டும். பிற்பாடு 0.2-ஐத் தொட்டு ஏறினால் கதிர்வீச்சு தேவைப்படலாம். அந்த வழி திறந்தே இருக்கும்.

இரண்டாம் கருத்துக்குப் போகும்போது ரிப்போர்ட் நகல் மட்டும் போதாது. எம்.ஆர்.ஐ. சி.டி., பயாப்சி செய்த லேபிலிருந்து ஸ்லைடுகளும் திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டைகளும், ஸ்டென்ட் மற்றும் குடலிறக்க டிஸ்சார்ஜ் சம்மரிகள், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள், எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள். ஸ்லைடைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. கொடுத்த தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பார்த்து முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கிளீசன் எண்ணை வேறொரு நோய்க்கூறு நிபுணர் பார்க்கும்போது சில சமயம் மாறும். 3+3 என்று வந்தால் ஆபரேஷனே இப்போது வேண்டாம் என்ற பேச்சுக்கும் இடம் உண்டு, 4+3 என்று வந்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. அதனால் மற்ற எதற்கும் முன்னால், இந்த வாரத்தில் அந்த ஸ்லைடுகளை வாங்கிவிடுங்கள்.